கசிந்த கதையும் கொதித்த இரசிகரும்

இலக்கிய ஏடொன்றிலே வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் எம்மிடையே இருப்பர். நாடகம் கூத்தாடிகளின் தொழில் என்றும், நாவல் வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்றும், சினிமா படித்தவர் பேசத் தகாத பொருள் என்றும் ஒதுக்கப்பட்ட காலங்கள் இருந்தன. அவ்வாறு ஒதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவற்றையே ஆராய்ந்து பட்டம் பெறுகின்றனர். எமது உயர்தர வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவருட் பலர் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்பட்ட கதையை அறியுமுன்பே ஜோயலும் எல்லியும் பொஸ்ரனிலிருந்து புறப்பட்ட கதையை அறிந்துள்ளனர். தாமே விளையாடி அறிந்தவர் சிலர். பிறர் விளையாடுவதைப் பார்த்து அறிந்தவரே மிகப் பலர். மக்கள் எங்கே கூடிக் கதை கேட்கிறார்களோ அங்கே விமர்சகனுக்கும் வேலை உண்டு. அதிலும், ஒரு கதை வெளிவருமுன்னரே அது மாற்றப்பட்டுவிட்டது, கெடுக்கப்பட்டுவிட்டது என்ற வதந்திகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரசிகர் பெருந்திரளாகக் கட்சி கட்டி மோதினர் என்றால், அக்கதையை மட்டுமன்றி அம்மோதலையும் ஆராய்வது எம் கடனாகின்றது.

2013ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்தது 'த லாஸ்ட் ஒவ் அஸ்' என்ற விளையாட்டு. கலிபோர்ணியாவின் சாந்தா மொனிக்கா நகரிலுள்ள நோட்டி டோக் என்ற நிறுவனம் அதனை ஆக்கியது. அந்நிறுவனத்தின் உடைமையாளரான சோனி அதனை வெளியிட்டது. பங்கசு ஒன்று மனித மூளையைப் பற்றிப் பரவியதால் நாகரிகம் சிதைந்துபோன அமெரிக்காவே கதைக் களம். தன் மகளைத் தொற்றின் முதல் இரவிலேயே, நோயினாலன்றிப் படைவீரன் ஒருவனின் துப்பாக்கியினால் இழந்த ஜோயல் என்பவன், இருபது ஆண்டுகள் கழிந்தபின் எல்லி என்ற பதினான்கு வயதுச் சிறுமியை நாட்டின் ஒரு கரையிலிருந்து மேற்கு நோக்கி அழைத்துச் செல்ல நேர்கிறது. அச்சிறுமியைத் தொற்று பற்றவில்லை. அவளிடமிருந்து மருந்து பிறக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. பயணத்தின் முடிவில், மருந்தைத் தேட வேண்டுமாயின் அவள் உயிர் போகும் என்று தெரிகிறது. ஜோயல் மருத்துவமனைக்குள் நுழைந்து, அறுவை செய்யவிருந்த மருத்துவனையும் பிறரையும் கொன்று, மயங்கிக் கிடந்த சிறுமியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். நடந்தது என்ன என்று அவள் கேட்டபோது பொய் சொல்கிறான். அவள் ஒரே சொல்லில் அதனை ஏற்றுக்கொள்கிறாள். கதை அங்கே முடிகிறது.

இம்முடிவின் வலிமை யாதெனில், ஆட்டக்காரன் வெறுமனே பார்த்திருந்தவன் அல்லன் என்பதே. அந்த மருத்துவனைக் கொல்லும் விசையை அழுத்தியது அவனுடைய விரல். தந்தைப் பாசம் என்னும் பேரால் ஒரு குற்றத்தில் அவன் பங்காளியாக்கப்பட்டான். ஆயினும் இரசிகருட் பெரும்பாலோர் அதனைக் குற்றமாக உணர்ந்தனரா என்பது ஐயத்துக்குரியது. ஏழாண்டுக் காலம் ஜோயல் அவர்கள் நெஞ்சில் ஒரு வீரத் தந்தையாகவே வளர்ந்தான். பிற்பாடு நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இதுவே திறவுகோல்.

இரண்டாம் பாகம் 2016 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. முதலில் 2020 பெப்ரவரி 21 என்று நாள் குறிக்கப்பட்டு, அது மே 29க்குத் தள்ளப்பட்டு, பெருந்தொற்றுக் காலத்திலே ஏப்பிரல் தொடக்கத்தில் நாளே குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. வீடுகளுள் அடைபட்டிருந்த இரசிகர் காத்துக்கிடந்தனர். அவ்வேப்பிரலின் கடைசி வாரத்தில் விளையாட்டின் காட்சிகள் பல இணையத்திற் கசிந்தன. ஜோயல் கொல்லப்படுகிறான், அவனைக் கொல்பவள் அபி என்ற பெண், அவ்வபியையே ஆட்டக்காரன் இயக்கவும் வேண்டும். சுருங்கக் கூறின், கசிந்த செய்தி இவ்வளவே. ஆனால் இந்த எலும்புக்கூட்டின் மேல் வதந்தி தன் சதையைத் தானே பூசிக்கொண்டது.

அபியின் உடல் அதற்கு வாய்ப்பளித்தது. பரந்த தோளும் முறுக்கேறிய கையும் உடையவளாக அவள் படைக்கப்பட்டிருந்தாள். பெண்ணொருத்தி இப்படி இருக்க முடியுமா என்று கேட்டவர்கள், இருக்க முடியாது என்று தாமே விடையும் கூறி, ஆதலால் அவள் பால் மாறியவளாகவே இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். இம்முடிவு உண்மையன்று. விளையாட்டு வெளிவந்தபோது, பிறப்பிலே பெண்ணென்று குறிக்கப்பட்டுத் தன்னை ஆணாக உணரும் பாத்திரம் ஒன்று அதில் இருக்கத்தான் செய்தது. அது அபி அன்று, தன் மதக்கூட்டத்தின் கட்டளையை மீறித் தலையை மழித்தமைக்காகத் துரத்தப்படும் லெவ் என்ற இளைஞன். வதந்தியாளர் தேடிய பொருள் இருந்தது. அவர்கள் சுட்டிய இடத்தில் அது இருக்கவில்லை. இத்தனைக்கும் வதந்தி பொய்யென்று தெரிந்த பின்பும் அபியின் மீதான வெறுப்புக் குறையவில்லை. அது பொய்யான செய்தியால் பிறந்த வெறுப்பன்று. வெறுப்பு முன்னரே இருந்தது, செய்தி அதற்குக் கிடைத்த ஒரு சட்டை என்பதே எமது துணிபு.

இதே போன்றதுதான் எல்லியின் காதலைப் பற்றிய கூச்சலும். அவள் பெண்ணை நேசிப்பவள் என்பது இரண்டாம் பாகத்துக்காகப் புகுத்தப்பட்ட மாற்றமன்று. 2014இல் வெளிவந்த துணைக்கதையிலேயே அது காட்டப்பட்டிருந்தது. 2018 யூனில் வெளியான முன்னோட்டத்தில் டீனா என்ற பெண்ணை அவள் முத்தமிடும் காட்சி இடம்பெற்றபோது, 'கதைக்குள் அரசியலைப் புகுத்துகிறார்கள்' என்று குரல் எழுந்தது; கசிவுக்குப் பின் அக்குரல் ஓங்கிற்று. அரசு சிதைந்து இராணுவம் பங்கீட்டு அட்டை வழங்கும் நகரங்களையும், குடிமக்களைச் சுட்டுத்தள்ளும் வீரர்களையும், கிளர்ச்சிப் படைகளையும் காட்டிய முதற்பாகத்திலே அரசியல் இல்லை என்று எண்ணியிருந்தவர்கள், இரு பெண்களின் முத்தத்திலே அரசியலைக் கண்டுபிடித்தமை வியப்புக்குரியது. தமக்குப் பழகிப்போன அரசியல் இயற்கையாகத் தோன்றும்; பழகாத அரசியலே அரசியலென்று தோன்றும். எமது பாடநூல்களைப் பற்றி நடைபெறும் விவாதங்களை அறிந்த ஆசிரிய நண்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கசிவைப் பற்றிய இன்னொரு வதந்தியே எமது கவனத்தை அதிகம் ஈர்க்கின்றது. ஊதியத் தகராற்றில் மனங்கசந்த ஊழியர் ஒருவரே காட்சிகளை வெளியிட்டார் என்று பேசப்பட்டது. நம்புவதற்கு அதில் இடமும் இருந்தது. 2020 மார்ச்சில், கசிவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர், அந்நிறுவனத்தின் வேலைநிலைமை பற்றிக் 'கொட்டாக்கு' ஏட்டில் ஜேசன் சிறையர் என்ற பத்திரிகையாளர் நீண்டதோர் அறிக்கை எழுதியிருந்தார். இரவும் வார இறுதியும் வேலைக்கே போய், உடலும் மனமும் தேய்ந்தோரின் வாக்குமூலங்கள் அதில் இருந்தன. அந்நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு விளையாட்டின் பெயர்ப்பட்டியலில் இருந்த, தலைமைப் பொறுப்பில் இல்லாத வடிவமைப்பாளர் இருபதின்மரில் பதினால்வர் அதற்குள் விலகிவிட்டனர் என்று அவ்வறிக்கை கூறிற்று. எவரும் அவர்களைப் பிரம்பால் அடித்து வேலை வாங்கவில்லை. சிறந்ததை ஆக்க வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையே அவர்களுக்குச் சவுக்காயிற்று. கலைத்தொழிலில் சுரண்டல் நிகழும் வழி இதுவே: தொழிலாளியின் கலைஞனைக் கொண்டு தொழிலாளியை ஒடுக்குதல்.

மே தொடக்கத்தில் சோனி, கசிவுக்குப் பொறுப்பானவர்கள் தன்னோடோ நோட்டி டோக்கோடோ தொடர்பற்றவர்கள் என்று அறிவித்தது. பழைய விளையாட்டொன்றின் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குள் வெளியார் புகுந்தனர் என்று சிறையரும் தெரிவித்தார். ஆக, மனங்கசந்த ஊழியர் என்பவர் கற்பனைப் பாத்திரமே. ஆனால் அக்கற்பனைப் பாத்திரத்தை இரசிகர் எவ்வாறு வரவேற்றனர் என்பதைப் பாருங்கள். அவருடைய ஊதியம் பற்றியோ அவர் விழித்திருந்த இரவுகள் பற்றியோ கேட்டவர் சிலரே. தமக்குப் பிடிக்காத கதையைக் காட்டிக்கொடுத்த வீரனென்றே மிகப் பலர் அவரைக் கொண்டாடினர். தொழிலாளியின் கோபம் என்று ஒன்று இருந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் எழுந்த ஒரேயொரு தருணத்திலும், அக்கோபம் நுகர்வோரின் கோபத்துக்கு வேலையாளாக அமர்த்தப்பட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கூறுதல் பொருந்தும். 2023இல் மைக்குறோசொவ்ட் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கொன்றில் சமர்ப்பிக்கப்பட்ட சோனியின் ஆவணங்களில், மறைக்கப்பட வேண்டிய வரிகளின் மேல் பூசிய கருமை போதாமையால் உண்மை வெளியே தெரிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தின் ஆக்கச் செலவு 22 கோடி டொலர். உச்ச நிலையில் முழுநேரமாக உழைத்தவர் ஏறத்தாழ 200 பேர். இவ்வளவு முதல் போட்டவன் தன் சரக்கைப் பற்றிய பேச்சையும் தானே ஆளவே விரும்புவான். இரசிகரை ஏமாற்றவும் அவன் தயங்கவில்லை. 2019 செப்ரெம்பரில் வெளியிடப்பட்ட முன்னோட்டத்தில், எல்லிக்குத் துணையாக ஜோயல் வந்து நிற்பதாக ஒரு காட்சி காட்டப்பட்டது. விளையாட்டில் அவ்விடத்தில் நிற்பவன் ஜெஸி என்ற வேறொருவன். ஜோயல் அதற்கு எவ்வளவோ முன்னரே இறந்துவிடுகிறான். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி வழங்கியபோதும், கதையின் பிற்பாதியைத் தொட்டு எழுதக் கூடாதென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. விமர்சகனின் வாயைக் கட்டிவிட்டு, இரசிகன் வதந்தியை நம்புகிறானே என்று அங்கலாய்ப்பதில் நேர்மை இல்லை. மெய்யான செய்தி கிடைக்காத இடத்திலேதான் வதந்தி செழிக்கும். பெருநிறுவனம் பேணும் இரகசியமும் வதந்தியும் ஒரே கொடியின் இரு காய்கள்.

அவ்வாறாயின், கதையை முன்கூட்டியே அறிவதனால் கலை கெடுகிறதா? எமது கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடியும்வரை இருப்பவர்கள் அபிமன்யு மடிவான் என்பதை அறியாமலா இருக்கிறார்கள்? அறிந்தே இருக்கிறார்கள்; அவன் மடியும் இடத்தில் ஆண்டுதோறும் அழவும் செய்கிறார்கள். என்ன நடக்கும் என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. இன்றைய ஆட்டக்காரன் அதனை எவ்வாறு ஆடுகிறான் என்பதே பொருட்டு. ஆயினும் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுப்பது தவறு. கூத்துப் பார்ப்பவன் அறிந்திருப்பது தலைமுறைகள் கூடிச் செப்பமிட்ட ஒரு முழுக்கதை. கசிவிலே இரசிகன் அறிந்தது துண்டு துண்டான நிகழ்ச்சிகளின் பட்டியல், அதுவும் வழக்கொன்றின் குற்றப்பத்திரிகை வடிவில். 'மகன் பரத்தையிடம் சென்ற கணவனை மன்னித்த பெண், பின்பு ஒரு நகரத்தையே எரித்தாள்' என்று ஒருவன் சிலப்பதிகாரத்தைச் சுருக்கிக் கூறினால், கேட்பவன் நகைப்பான் அல்லது சினப்பான். காப்பியத்தை அறிந்தவனாக மாட்டான்.

இக்கலைவடிவத்தில் இது இன்னும் கூர்மையடைகிறது. எல்லியாக மூன்று நாட்கள் சியாற்றில் நகரிலே பழிதேடி அலைந்து, அபியின் தோழர்களை ஒவ்வொருவராக வீழ்த்திய ஆட்டக்காரன், கதையின் நடுவில் அபியாக மாறி, அதே மூன்று நாட்களை மறுபுறத்திலிருந்து வாழ வேண்டியவனாகிறான். முற்பாதியில் தான் கொன்ற நாய்க்கு இப்போது பந்தெறிந்து விளையாடுகிறான். எதிரிகள் தம்முள் ஒருவன் வீழ்ந்தால் அவனைப் பெயர் சொல்லிக் கதறுகிறார்கள். சுடப்படுபவர்க்குப் பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான விளையாட்டுகளுக்கிடையே இது சிறியதொரு மாற்றமன்று. அபி யார் என்பதும் அப்போதுதான் முழுமையாகத் தெரிகிறது: முதற்பாகத்தின் முடிவில் ஜோயல், அதாவது நாம், கொன்ற அம்மருத்துவனின் மகள் அவள். இறுதியில் பழைய நாடகக் கொட்டகையொன்றில் எல்லியை எதிர்த்து அபியின் கையால் அடிக்குமாறு விளையாட்டு ஆட்டக்காரனைப் பணிக்கிறது.

எம்மிடம் படித்த மாணவன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து மாமனார் அனுப்பிய கருவியில் இதனை விளையாடியவன், அவ்விடத்தில் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை என்று கூறினான். 'அடிக்க மனம் வரேல்லை சேர். அடிக்காட்டிக் கதை நகராது' என்பது அவன் வாக்கு. அவன் கதை முழுவதையும் முன்னரே அறிந்தவன். அறிந்திருந்தும் அவன் விரல் தயங்கியது. கசிந்த காட்சிகளை மட்டும் கண்டு தீர்ப்பெழுதியவர்களுக்குக் கிடைக்காமற் போனது அத்தயக்கமே. அது சொல்லிற் சுருங்காது, கசியவும் கசியாது.

இவ்வளவு கூறியதனால் இவ்விளையாட்டை நாம் குறைவற்ற படைப்பாகக் கொள்கிறோம் என்று வாசகர் எண்ண வேண்டா. இரசிகர் எழுப்பிய கூச்சலுக்குள் அமிழ்ந்துபோன மெய்யான குறையொன்று இதில் உண்டு. இதன் நெறியாளரும் எழுத்தாளருள் ஒருவருமான நீல் டிறக்மன் இஸ்ரேலிற் பிறந்து, சிறுவயதிலே மேற்குக் கரையில் வாழ்ந்து, பின் அமெரிக்காவில் குடியேறியவர். 2000ஆம் ஆண்டிலே ரமல்லாவில் இஸ்ரேலியப் படையினர் இருவர் கும்பலாற் கொல்லப்பட்ட காட்சியைக் கண்டபோது தம்முள் எழுந்த பழியுணர்ச்சியும், பின்னர் அவ்வுணர்ச்சியைக் குறித்துத் தமக்கு ஏற்பட்ட வெட்கமும் இக்கதைக்கு வித்தாயின என்று அவர் 2020இல் 'வாசிங்ரன் போஸ்ற்' ஏட்டுக்குத் தெரிவித்தார். தன் மனத்தின் இருளைத் தானே நோக்கும் துணிவு இதில் இருப்பதை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்வித்திலிருந்து முளைத்தது யாது? சியாற்றில் நகரத்தை ஆள முயலும் ஆயுதப் படையும், அதனோடு போரிடும் மதக்கூட்டமும், ஒன்றையொன்று மாறிமாறிக் கொல்லும் இரு சம எடைகளாக நிறுத்தப்படுகின்றன. போர் ஏன் மூண்டது, நிலமும் உணவும் யார் கையில், படைபலம் யார் பக்கம் என்பன பின்னணியில் வீசப்பட்ட குறிப்பேடுகளில் ஒளிந்து கிடக்கின்றன. முன்னணியில் நிற்பது பழியின் சுழல் ஒன்றே. பழி பழியை ஈனும், இரு பக்கமும் மனிதரே என்பது கதையின் பாடம்.

இரு பக்கமும் மனிதரே என்பதில் எவருக்கு ஐயம்? போரினூடே வாழ்ந்து, அதன் முடிவுக்குப் பின்னும் காணாமற் போனோரைத் தேடி நிற்கும் தாய்மாரைக் காணும் நாட்டில் இருந்து நோக்கும்போது, அவ்வுண்மை போதாது என்று எமக்குத் தோன்றுகிறது. மனித மனத்தின் வெறுப்பிலிருந்துதான் போர் பிறக்கிறது என்று காட்டும் கலை, போரைப் பிறப்பித்த நிலைமைகளைப் பார்வையாளனின் கண்ணிலிருந்து மறைக்கிறது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் தன் உள்ளத்தைக் கழுவிக்கொள்வதே என்றாகிறது. முடிவிலே கடற்கரையில் அபியின் கழுத்தை நீருள் அமுக்கிய எல்லி கையை எடுத்துவிடுகிறாள். வீடு திரும்பும்போது இரு விரல்களை இழந்த கையால் ஜோயல் கற்றுத்தந்த கிற்றாரை அவளால் இசைக்க முடியவில்லை. தனிமனுசியின் துயரமாக இது உயர்ந்த காட்சி. சமூகத்தின் துயரத்தை நோக்கி அது ஓரடியும் நகரவில்லை. இத்தகைய விமர்சனத்தைச் சிலர் அக்காலத்திலேயே எழுதினர். அபியின் தோளின் அகலத்தை அளந்துகொண்டிருந்தவர்களின் இரைச்சலில் அது கேட்கவில்லை.

இரசிகருக்குப் பேசும் உரிமையே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு, அதனை நன்றாகப் பயன்படுத்திய காலமும் உண்டு. சேர்லொக் ஹோம்ஸை 1893இல் அருவியோரம் மடியச் செய்த கொனன் டொயில், வாசகரின் ஏக்கத்துக்கும் பதிப்பாளரின் பணத்துக்கும் ஈடுகொடுக்க மாட்டாது 1903இல் அவனை உயிரோடு திருப்பி அழைக்க வேண்டியவரானார். எமது பொருளுக்கு இன்னும் அண்மையானது 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கனடாவின் பயோவெயர் நிறுவனம் ஆக்கிய 'மாஸ் எபெக்ற்' தொடரின் மூன்றாம் பாகம், ஆட்டக்காரன் மூன்று பாகங்களிலும் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் பயன் உண்டு என்று வாக்களித்துவிட்டு, இறுதியில் நிறத்தால் மட்டும் வேறுபட்டனவாகத் தோன்றிய மூன்று முடிவுகளை நீட்டிற்று. இரசிகர் ஒரு சாரார் நானூறு சிறு கேக்குகளைச் செய்வித்து நிறுவனத்துக்கு அனுப்பினர். மேற்பூச்சு சிவப்பு, நீலம், பச்சை என மூவகை. உள்ளே சுவை எல்லாவற்றிலும் ஒன்றே. அக்காலத்தில் அவ்விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்களிலும் அந்த நானூறு கேக்குகள் சிறந்த விமர்சனம் என்று நாம் கூறத் தயங்கோம். தம் கட்சியின் பேரால் சிறுவர் நலத்துக்கென 80,000 டொலருக்கு மேல் அவர்கள் திரட்டியதையும் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு யூனில் நிறுவனம் விரிவாக்கிய முடிவொன்றை இலவசமாக வெளியிட்டது.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு வெறும் நாகரிகம் பற்றியதன்று. 2012இல் பேசியவர்கள் கதையை முடித்துவிட்டு, அது தானே தந்த வாக்கைக் கொண்டே அதனை அளந்தனர். 2020இல் பேசியவர்கள் தம் மனத்திலிருந்த ஜோயலை அளவுகோலாக வைத்து, இன்னும் பார்க்காத கதையை அளந்தனர். முன்னது விமர்சனம்; பின்னது கட்டளை. கட்டளையிடும் வாடிக்கையாளனை உருவாக்கியதும் இத்தொழிலே. 'உங்கள் கதை, உங்கள் வீரன், உங்கள் தெரிவு' என்று பல்லாண்டுகள் விளம்பரம் செய்து விற்றவன், வாங்கியவன் உடைமையாளனைப் போலப் பேசும்போது அதிர்ச்சியடைவதில் பொருளில்லை. கதை தனக்கு உரியது என்று இரசிகன் நினைக்கிறான். சட்டப்படி அது சோனிக்கு உரியது. அதனை ஆக்கிய இருநூறு பேருக்கு அது எவ்வகையிலும் உரியதன்று. இம்மூன்றாவது தரப்பாரைப் பற்றிய பேச்சு அவ்விவாதத்தில் எழவேயில்லை.

2020 யூன் 19ஆம் திகதி விளையாட்டு வெளிவந்தது. மூன்று நாட்களில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. மெற்றாகிறிற்றிக் என்ற மதிப்பீட்டுத் தளத்தில் விமர்சகர்களின் சராசரிப் புள்ளி 93. அதே தளத்தில் பொதுமக்கள் வழங்கிய புள்ளி முதல் நாட்களில் பத்துக்கு நான்கையும் எட்டவில்லை. முடிப்பதற்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும் ஒரு படைப்புக்கு, அது வெளியான அன்றே ஆயிரமாயிரம் பேர் பூச்சியம் வழங்கியிருந்தனர். அடுத்த மாதமே அத்தளம், வெளிவந்து 36 மணி நேரம் கழியுமுன் பொதுமக்கள் புள்ளியிட முடியாதென விதி செய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் விளையாட்டுத் துறையின் பெரும் பரிசு விழாவொன்றில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்பது உட்பட ஏழு விருதுகள் அதற்குக் கிடைத்தன. விற்பனையும் விருதும் ஒரு படைப்பின் தரத்தை நிறுவுவன அல்ல. கூச்சலும் புறக்கணிப்பும் ஒன்றே அன்று என்பதை மட்டும் அவை காட்டுகின்றன. சபித்தவர்களிற் பலர் வாங்கவும் செய்தனர் போலும்.

அபிக்குக் குரலும் நடிப்பும் வழங்கிய லோறா பெய்லி என்ற நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாத்திரம் செய்த கொலைக்கு நடிகை பதில் சொல்ல வேண்டும் என்று கருதியவர்கள், வில்லன் வேடமிட்டவனைத் தெருவில் கண்டு கல்லெறிந்த பழங்கால நாட்டுப்புறத்தாரைப் பற்றிய கதைகளைக் கேட்டால் சிரித்திருப்பர்.

2023இல் எச்பிஓ நிறுவனம் முதற்பாகத்தைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 2025 ஏப்பிரலில் இரண்டாம் பருவம் தொடங்கி, அதன் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஜோயல் கொல்லப்பட்டான். கதை இப்போது எவருக்கும் இரகசியமாக இருக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்பே வெளிவந்தது. ஆயினும் அபியாக நடித்த கெயிற்லின் டெவருக்குப் படப்பிடிப்பின்போது மேலதிகப் பாதுகாப்பு வழங்க வேண்டியிருந்தது என்பதை உடன் நடித்த இசபெலா மெர்செட் பின்னர் கூறினார். தொலைக்காட்சியின் அபி மெலிந்த உடலுடையவள். விளையாட்டிலே எல்லியும் அபியும் கையாளும் முறையால் வேறுபட வேண்டியிருந்தது, அதற்கே அவ்வுடல் தேவைப்பட்டது, நாடகத்துக்கு அது தேவையில்லை என்று ஆக்கியோர் விளக்கம் தந்தனர். விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால், தந்தையைக் கொன்றவனைத் தேடி அந்த மகள் ஆண்டுக்கணக்காகத் தன் உடலையே ஓர் ஆயுதமாக வடித்தெடுத்தாள் என்பதை ஒரு சொல்லும் இன்றிச் சொன்னவை அந்தத் தோள்கள். இரசிகர் எதன்மேல் காறி உமிழ்ந்தார்களோ, அது ஒன்றுதான் தொலைக்காட்சிக்கு வந்து சேரவில்லை.